கன்ட்ரி இசையைப் பிடிக்காதவர்கள் அதை ஏன் கேட்டுப் பார்க்க வேண்டும்?

"எல்லா வகைப் பாட்டும் கேட்பேன், கன்ட்ரியைத் தவிர" என்ற பதில் அமெரிக்காவில் பல காலமாகப் புழங்கிவருகிறது. அந்நாட்டின் தென் மாநிலங்களில் நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து வளர்ந்த இசைவகைதான் கன்ட்ரி. தமது ரசனை பரந்தது என்று காட்ட விரும்புகிறவர்களே பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலப் பாடல்களைக் கேட்டுப் பழகிய தமிழர்களிடமும் இந்த எண்ணம் ஓரளவு தொற்றியிருக்கிறது. தொப்பி வைத்த ஒருவர் மூக்கால் பாடுவார், பாட்டில் ஒரு பிக்கப் வண்டியும் பீரும் கைவிட்டுப் போன காதலியும் வருவார்கள், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது அவசர முடிவு என்று நான் நினைக்கிறேன். இந்த இசை எங்கிருந்து வந்தது, அதன் கலை எந்த இடத்தில் இருக்கிறது, அதை வெறுப்பவர்களின் காரணங்களில் எவை நியாயமானவை என்பதை, இதுவரை கன்ட்ரியே கேட்டிராதவர்களுக்கும் புரியும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பாட்டு நமக்குப் பிடிப்பது வேறு, அதன் தரத்தை நாம் உணர்வது வேறு. பிடிப்பதும் பிடிக்காததும் வளர்ந்த சூழல், வயது, பழகிய ஒலிகள் ஆகியவற்றால் தாமாக அமைகின்றன. அதில் நம் விருப்பத்துக்குப் பெரிய பங்கு இல்லை. தரத்தை உணர்வதோ முயற்சியால் கைகூடுவது. ஒரு வகை இசையில் எது கடினம், எதைச் சரியாகச் செய்தவரை அந்தத் துறையில் தேர்ந்தவர்கள் மெச்சுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், நமக்கு ஒத்துவராத இசையிலும் சிறந்ததையும் மட்டமானதையும் பிரித்தறிய முடியும். கன்ட்ரியை விரும்பும்படி யாரையும் வற்புறுத்த இயலாது. அதை மதிக்கக் கற்றுக்கொள்வது எல்லோருக்கும் இயலும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த இசையைத் தொழிலாக வளர்த்தவரே தொடக்கத்தில் அதை ரசிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1923ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஓக்கே இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் பியர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகருக்குச் சென்றார். உள்ளூர் இசைத்தட்டு வணிகர் ஒருவர் ஃபிடிலின் ஜான் கார்சன் என்னும் முதிய ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) கலைஞரைப் பதிவு செய்யும்படி வலியுறுத்தினார். கார்சனின் பாட்டு பியருக்குக் கேட்கச் சகிக்கவில்லை. ஆயினும் அந்த வணிகர் 500 பிரதிகள் கேட்டதால் தட்டை அச்சிட்டுக் கொடுத்தார். அவை அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. தாம் மட்டம் என்று ஒதுக்கிய ஒலியில் தென் மாநில மக்கள் தம் வாழ்க்கையைக் கேட்கிறார்கள் என்பது பியருக்கு அப்போதுதான் விளங்கியது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1927 ஜூலை இறுதியில், அதே பியர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக பிரிஸ்டல் என்னும் ஊருக்கு வந்தார். டென்னசிக்கும் வர்ஜீனியாவுக்கும் இடையிலான எல்லைக்கோடு அவ்வூரின் கடைத்தெரு நடுவே ஓடுகிறது. அங்கே முன்பு தொப்பிக் கிடங்காக இருந்த ஒரு கட்டடத்தில் தற்காலிக ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, சுற்றுவட்டார மலைப்பகுதிகளிலிருந்து வந்தவர்களை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பதிவு செய்தார். பின்னாளில் கன்ட்ரியின் இரு தூண்கள் என்று போற்றப்பட்டவர்கள் அந்த நாட்களில்தான் முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் நின்றார்கள். ஒருபுறம் ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, உறவினர் மேபெல் ஆகியோரைக் கொண்ட கார்ட்டர் குடும்பம். மறுபுறம் இரயில்வே ஊழியராக இருந்து காசநோயால் அவ்வேலையை விட நேர்ந்த ஜிம்மி ராட்ஜர்ஸ். வீடு, தாய், இறைநம்பிக்கை, மரணம் ஆகியவற்றைக் கார்ட்டர் குடும்பம் பாடியது; வழிப்பயணம், குடி, தனிமை, ஊர்விட்டு ஊர் திரிவது ஆகியவற்றை ராட்ஜர்ஸ் பாடினார். இன்று வரை எழுதப்படும் கன்ட்ரி பாடல்களுக்கான பொருள்கள் பெரும்பாலும் இந்த இரு பட்டியல்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

இது வெள்ளையர்களின் தூய நாட்டுப்புற இசை என்று நினைப்பவர்கள் அதன் கருவிகளைக் கவனித்தால் போதும். ஃபிடிலும் கதைப்பாட்டு மரபும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களோடு வந்தவை. பாஞ்சோ என்னும் கம்பிக் கருவி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி மரபிலிருந்து பிறந்தது. கம்பியின் மீது உலோகத்தை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பழம்பாடல்களைத் தேடி அலைந்தபோது, லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிட்டார் கலைஞர் உடன் சென்று மெட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டு வந்தார். பின்னாளில் கன்ட்ரியின் பெரும் பாடகரான ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் கற்றுக்கொடுத்தவர் அலபாமாவின் தெருக்களில் வாசித்துப் பிழைத்த ரூஃபஸ் பேய்ன் என்னும் கறுப்பினத்தவர். ஆனால் 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளை "ரேஸ்" (இனம்) என்றும், வெள்ளையர்களின் தட்டுகளை "ஹில்பில்லி" (மலைநாட்டுப் பட்டிக்காட்டான்) என்றும் தனித்தனிப் பட்டியல்களில் விற்றன. ஒன்றோடொன்று கலந்து வளர்ந்த இசை விற்பனைக்காக இரண்டாகப் பிளக்கப்பட்டது. அந்தப் பிளவு இன்றும் முற்றிலும் ஆறவில்லை.

இதற்கு மனத்தை வருத்தும் சான்று டிஃபோர்ட் பெய்லியின் வாழ்க்கை. கன்ட்ரித் தொழிலின் மையமாக வளர்ந்த நாஷ்வில் நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான வானொலி நிலையம் 1925இல் தொடங்கிய நிகழ்ச்சிதான் பின்னர் கிராண்ட் ஓல் ஓப்ரி என்று பெயர் பெற்றது. கன்ட்ரிக்கு அதுவே கோயில். அதன் தொடக்கக்கால நட்சத்திரங்களில் ஒருவரான பெய்லி ஒரு கறுப்பினத்தவர். மவுத் ஆர்கனில் இரயில் நெருங்கி வந்து கடந்துபோகும் ஓசையைத் தத்ரூபமாக எழுப்புவார். 1941இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு அவர் நாஷ்விலிலேயே காலணிகளுக்கு மெருகிடும் கடை நடத்தி வாழ்ந்து, 1982இல் காலமானார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2005இல்தான்.

இனி இந்த இசையின் கலைக்கு வருவோம். பாடலாசிரியர் ஹார்லன் ஹோவர்ட் கன்ட்ரியை "மூன்று கார்டுகளும் உண்மையும்" என்று வரையறுத்ததாகச் சொல்வார்கள். கார்டு (chord) என்பது ஒருசேர ஒலிக்கும் சுரங்களின் தொகுதி. மூன்று கார்டுகள் என்பதை எதிரிகள் குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஜாஸ் கேட்டுப் பழகியவருக்கு இதன் இசையமைப்பு வறுமையாகத் தோன்றுவதும் இயல்பே. ஆனால் இங்கே எளிமை வேண்டுமென்றே கைக்கொள்ளப்படுகிறது. காது அடுத்த கார்டை முன்பே ஊகித்துவிடுவதால் கவனம் முழுவதும் சொற்களின் மீது குவிகிறது. மூன்று நிமிடத்தில் ஒரு கதையைத் தொடங்கி, ஆட்களை நம் கண்முன் நிறுத்தி, முடித்தும் காட்ட வேண்டும். அதிலும் பல்லவி ஒரே வரியாகத் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் அந்த வரியின் பொருள் சற்றே நகர்ந்திருக்க வேண்டும். அப்படித் திரும்பும் வரியை நாஷ்வில் பாடலாசிரியர்கள் ஹூக் என்பார்கள். அதைச் செம்மையாகச் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

பாபி பிராடக், கர்லி புட்மன் ஆகிய இருவரும் எழுதி, ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி 1980இல் வெளியிட்ட பாடல் "ஹி ஸ்டாப்டு லவிங் ஹர் டுடே". அவன் இன்று அவளைக் காதலிப்பதை நிறுத்திவிட்டான் என்பது தலைப்பின் பொருள். சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று அவன் சொன்னதும், காலப்போக்கில் மறந்துவிடுவாய் என்று அவள் பதில் சொன்னதும் பாட்டின் தொடக்கம். ஆண்டுகள் கழிகின்றன. அவள் படம் அவன் சுவரில் தொங்குகிறது. 1962 என்று தேதியிட்ட பழைய கடிதங்களைக் கட்டிலருகே வைத்திருக்கிறான். அவற்றில் அவள் தன் காதலைச் சொல்லும் சொற்கள் வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டிருக்கிறான். கதையைச் சொல்லும் நண்பர், இன்று அவனைப் பார்க்கப் போனேன், கண்ணீர் இல்லை, எங்கோ கிளம்புகிறவன்போல நன்றாக உடுத்தியிருந்தான், பல ஆண்டுகளுக்குப் பின் அவன் புன்னகைத்து இன்றுதான் பார்த்தேன் என்கிறார். ஒருவழியாக மனம் தேறிவிட்டான் போலும் என்று கேட்பவர் நினைக்கும் கணத்தில் பல்லவி முதல்முறையாக வருகிறது. அவன் காதலிப்பதை நிறுத்திவிட்டான், வாசலில் மலர்வளையம் வைத்திருக்கிறார்கள், சற்று நேரத்தில் அவனைத் தூக்கிச் செல்வார்கள்.

அவன் இறந்துவிட்டான் என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை. கண்ணீர் இல்லாததும் நல்ல உடையும் புன்னகையும் சவப்பெட்டிக்குள் கிடத்தப்பட்ட உடலின் விவரங்கள் என்பதை நாமே பின்னோக்கிப் போய் உணர வேண்டியிருக்கிறது. முதல் வரியில் அவன் கொடுத்த வாக்கும் அப்போதுதான் நிறைவேறுகிறது. இவ்வளவும் பேச்சு வழக்கில் உள்ள, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் சொற்களால் ஆனது. அலங்காரமான உவமை ஒன்றுகூட இல்லை. இதைப் போய் யார் வாங்குவார்கள் என்று ஜோன்ஸே நினைத்தார் என்பது பிரபலமான செய்தி. பாட்டு கிராமி விருது பெற்றது. கன்ட்ரியின் ஆகச் சிறந்த பாடல் எது என்று பட்டியல் போடும்போதெல்லாம் முன்வரிசையில் நிற்கிறது. நல்ல சிறுகதையைப் படித்துப் பாராட்டத் தெரிந்த ஒருவர், ஃபிடில் ஒலியே பிடிக்காதவராக இருந்தாலும், இந்தக் கட்டுமானத்தைக் கண்டு வியக்காமல் இருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்வேன்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கால் பாடுகிறார்கள் என்பது மிகப் பழைய புகார். கன்ட்ரிப் பாடகர் தமது வட்டாரப் பேச்சிலிருந்து விலகாமல் பாட வேண்டும் என்பது இம்மரபின் எழுதப்படாத விதி. கதை சொல்பவர் அந்த ஊர்க்காரர்தான் என்று கேட்பவர் நம்பினால்தான் கதை நிற்கும். தென் மாநிலப் பேச்சின் நீட்டலும் மூக்கொலியும் அப்படியே பாட்டுக்குள் வருவது அதனால்தான். அழுகையை அடக்கும்போது தொண்டை உடைவதைப் போல ஒரு சுரத்தை நடுவில் முறிப்பதும் இங்கே தேர்ந்த உத்தி. அதைச் செய்ய ஹேங்க் வில்லியம்ஸுக்கு நிகரானவர் குறைவு. அவர் 1923இல் பிறந்து 1953 புத்தாண்டு நாளில், 29 வயதில், காரில் பயணம் செய்துகொண்டிருந்தபோது இறந்தார். அதற்குள் அவர் எழுதிய பாடல்கள் பின்வந்த எல்லோருக்கும் பாடநூலாகிவிட்டன.

கருவிகளில் பெடல் ஸ்டீலைத் தனியே கேட்கக் கற்றுக்கொள்வது நல்லது. மேசைபோல் கிடத்தப்பட்ட இக்கருவியில் பொதுவாக 10 கம்பிகள் இருக்கும். இடக்கை ஓர் உலோகத் தண்டைக் கம்பிகள் மீது நகர்த்த, வலக்கை மீட்ட, கால்களும் முழங்கால்களும் பெடல்களையும் நெம்புகோல்களையும் இயக்கிக் கம்பிகளின் இறுக்கத்தை மாற்றுகின்றன. இதனால் ஒரு கார்டின் இரண்டு சுரங்கள் அசையாமல் நிற்க, மூன்றாவது சுரம் மட்டும் வழுக்கிக்கொண்டு மேலேறி அவற்றோடு சேரும். 1954இல் வெப் பியர்ஸ் பாடிய "ஸ்லோலி"யில் பட் ஐசக்ஸ் இப்படி வாசித்த பிறகு நாஷ்விலில் எல்லோரும் அதைப் பின்பற்றத் தொடங்கினர். கோட்டு வாத்தியத்தின் இழைவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஒலி நிச்சயம் அந்நியமாக இராது. பலரும் கன்ட்ரிக்குள் நுழைவதற்கு இதுவே நல்ல வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது.

கன்ட்ரி என்றாலே பழமைவாத ஆண்களின் இசை என்று நினைப்பவர்கள் அதன் பெண்களைக் கேட்டதில்லை. 1952இல் வந்த ஓர் ஆண் பாடகரின் பாட்டு, மதுக்கூடங்களில் பெண்கள் வழிதவறுவதற்கு அவர்களே காரணம் என்ற தொனியில் அமைந்திருந்தது. அதே ஆண்டு கிட்டி வெல்ஸ் அதற்குப் பதில் பாட்டுப் பாடினார். மணமாகாதவர்களைப் போல நடிக்கும் மணமான ஆண்களால்தான் எத்தனையோ பெண்கள் கெட்டார்கள் என்றது அப்பாட்டு. சிலர் ஒலிபரப்ப மறுத்தும் அது அமெரிக்க இசை வணிக இதழான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. தனிப் பெண் குரல் ஒன்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதல்முறை. கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளான லொரெட்டா லின், பதின்வயதிலேயே மணமாகி வரிசையாகப் பிள்ளை பெற்றவர். அவர் 1975இல் கருத்தடை மாத்திரையை வரவேற்று "தி பில்" என்ற பாட்டை வெளியிட்டார். பல வானொலி நிலையங்கள் அதைத் தடுத்தன. பெண்ணுடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அடுப்படிச் சொற்களில் எழுப்பிய அந்தப் பாட்டு, ராக் இசையில் அன்று பெண்களைப் பற்றி ஆண்கள் பாடிக்கொண்டிருந்த பலவற்றைவிடத் துணிச்சலானது.

டாலி பார்ட்டனின் "ஜோலீன்" 1973இல் வெளியானது. கணவனைப் பறித்துவிடக்கூடிய ஒரு பெண்ணிடம் மனைவி நேரடியாகப் பேசுவதாக அமைந்த பாட்டு அது. திட்டுவதற்குப் பதிலாக அவள் எதிராளியின் கூந்தலையும் நிறத்தையும் கண்களையும் புகழ்கிறாள், தன்னால் போட்டியிட முடியாது என்று ஒப்புக்கொள்கிறாள், உன்னால் முடியும் என்பதற்காக மட்டும் அவனை எடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சுகிறாள். கணவன் உறக்கத்தில் அந்தப் பெயரை முணுமுணுக்கிறான் என்ற ஒரு வரியில் அவள் நிலை முழுவதும் தெரிந்துவிடுகிறது. பாட்டுக்கு முடிவும் கிடையாது. ஜோலீன் பதில் சொல்வதே இல்லை.

எதிர்ப்பாளர்களின் புகார்களில் உண்மை உண்டு. வானொலிக்காகத் தயாரிக்கப்படும் கன்ட்ரி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது. வண்டி, பீர், குட்டைக் கால்சட்டை அணிந்த பெண் என்று சுழன்ற ஒரு போக்குக்கு 2013இல் ஓர் இசை விமர்சகர் "புரோ கன்ட்ரி" (bro, அதாவது ஆண்கள் ஒருவரையொருவர் அழைக்கும் "மச்சான்" போன்ற சொல்) என்று பெயரிட்டார். அந்தப் பாடல்களை நான் காப்பாற்ற வரவில்லை. 2015இல் ஒரு வானொலி ஆலோசகர் பெண் பாடகர்களைச் சாலடில் அங்கங்கே போடும் தக்காளிக்கு ஒப்பிட்டு, அவர்களின் பாடல்களைக் குறைத்தால்தான் நேயர்கள் கூடுவார்கள் என்று சொல்லிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். ஈராக் படையெடுப்புக்குச் சற்று முன், 2003 மார்ச்சில், டிக்ஸி சிக்ஸ் குழுவின் பாடகி லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷைக் குறைகூறியதும் கன்ட்ரி வானொலிகள் அக்குழுவின் பாடல்களை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டன. 2019இல் கறுப்பின இளைஞரான லில் நாஸ் எக்ஸின் "ஓல்ட் டவுன் ரோட்" பில்போர்ட் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இவை அனைத்தும் தொழிலின் குற்றங்கள். இவற்றுக்காகக் கோபப்படுவது சரி. லொரெட்டா லின்னையும் டிஃபோர்ட் பெய்லியையும் கேட்க மறுப்பதற்கு இவற்றைக் காரணமாகக் காட்டுவது சரியாகாது, ஏனெனில் அந்தத் தொழில் முதலில் வஞ்சித்தது அவர்களைப் போன்றவர்களைத்தான்.

வெறுப்பில் இன்னொரு கூறும் உண்டு, அது அவ்வளவு கௌரவமானதல்ல. சமூகவியலாளர் பெத்தனி பிரைசன் 1996இல் வெளியிட்ட ஆய்வு, படித்த, பரந்த மனம் கொண்ட அமெரிக்கர்கள் எந்த இசைகளை ஒதுக்குகிறார்கள் என்று ஆராய்ந்தது. கல்வி குறைந்தவர்கள் விரும்பிக் கேட்கும் வகைகளான கன்ட்ரி, ராப், ஹெவி மெட்டல், காஸ்பல் என்னும் கிறித்தவப் பக்தி இசை ஆகியவற்றையே அவர்கள் அதிகம் வெறுப்பதாக அது காட்டியது. கேட்பவர்கள் யார் என்பதை வைத்து இசையை எடைபோடும் பழக்கம் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. நமக்கு ஒரு பாட்டு பிடிக்காமல் போவது அதன் ஒலியாலா, அதைக் கேட்கும் ஆட்களின் மீதுள்ள இளக்காரத்தாலா என்று ஒருமுறையாவது நம்மை நாமே விசாரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்த வேலியை வெளியிலிருந்து தாண்டியவர்களில் முதன்மையானவர் ரே சார்லஸ். சிறுவயதில் கிராண்ட் ஓல் ஓப்ரியை வானொலியில் கேட்டு வளர்ந்த அந்தக் கறுப்பினக் கலைஞர், கறுப்பின மக்களிடையே வளர்ந்த ரிதம் அண்டு புளூஸ் இசையில் புகழின் உச்சியில் இருந்தபோது, 1962இல் கன்ட்ரி பாடல்களை மட்டுமே கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். டான் கிப்சன் எழுதிய "ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ" அவர் குரலில் அமெரிக்கா முழுவதும் முதலிடம் பிடித்தது. மூக்கொலியும் ஃபிடிலும் நீங்கிய பின்னும் அந்தப் பாடல்கள் சிதையவில்லை. எழுத்தே அவ்வளவு உறுதியாக இருந்தது. எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. டிரேசி சாப்மன் என்னும் கறுப்பினக் கலைஞர் 1988இல் எழுதிப் பாடிய "ஃபாஸ்ட் கார்" பாட்டை, 2023இல் லூக் கோம்ஸ் என்னும் கன்ட்ரிப் பாடகர் சொற்களைப் பெரும்பாலும் மாற்றாமல் பாடினார். அந்த ஆண்டு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பாடலுக்கான விருது சாப்மனுக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்றைய வானொலிப் பாடல்களிலிருந்து தொடங்க வேண்டாம். ஒலி தடையாக இருப்பவர்கள் ரே சார்லஸின் தொகுப்பிலிருந்து தொடங்கி, பிறகு அதே பாடல்களை மூலக் கலைஞர்களின் குரலில் கேட்கலாம். கதை பிடித்தவர்கள் "ஜோலீன்" கேட்டபின் மெர்ல் ஹேகார்டின் "மாமா ட்ரைட்" பாடலுக்குப் போகலாம். கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் உண்மையிலேயே கைதியாக இருந்த அவர், தாய்மீதும் ஏழ்மைமீதும் பழி போடாமல் முழுக் குற்றத்தையும் தானே ஏற்றுக்கொண்டு பாடுவதைக் கவனியுங்கள். தென் மாநில உச்சரிப்பு நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது என்பதால் முதல்முறை கேட்கும்போது பாடல் வரிகளைக் கண்முன் வைத்துக்கொள்வது உதவும். இரண்டாம் முறை வரிகளை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவிக்கு என்ன புதுப்பொருள் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள்.